அந்தப் பாசிமணியைத் திருப்பித் தர முடியாது

அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் உறுப்பு நாடுகளுக்கும், பாதிக்கப்பட்டோருக்கான அதன் நம்பிக்கை நிதியத்தை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

உங்கள் நீதிமன்றத்தின் வேலைமொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். இந்த மடலின் ஆங்கில வடிவம் தனியே உங்களுக்கு வந்து சேரும். ஆனாலும் முதலில் தமிழில், எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். நான் பிறந்த இலங்கையும் பக்கத்து இந்தியாவும் உங்கள் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தில் சேரவில்லை. நாங்கள் சிதறிப் போய்ச் சேர்ந்த கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா எல்லாம் சேர்ந்திருக்கின்றன. அங்கெல்லாம் எங்கள் ஆட்கள் வரி கட்டுகிறார்கள். அந்த வரிக்காசில் ஒரு சிறு துளி நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகருக்கும் போகிறது. உங்கள் கைதி டொமினிக் ஒங்வென் 2023 டிசம்பரிலிருந்து சிறையிருப்பது நோர்வேயில். ஒஸ்லோவில் முப்பது வருடமாக வாழும் என் ஒன்றுவிட்ட அண்ணருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒங்வென் வட உகண்டாவின் அச்சோலி இனத்துப் பிள்ளை. பள்ளிக்கூடம் போகும் வழியில், சிறுவனாக இருக்கும்போதே கடத்தப்பட்டவர். பிறகு தன்னைக் கடத்திய 'ஆண்டவரின் எதிர்ப்புப் படை'யிலேயே தளபதியாகி, தன்னைப் போன்ற பிள்ளைகளைக் கடத்தியவர். 2021 பெப்ரவரியில் 61 குற்றங்கள் உறுதியாகி 25 ஆண்டுச் சிறை பெற்றார். 2024 பெப்ரவரி 28 அன்று உங்கள் நீதிபதிகள் ஈட்டுத் தொகைக்கான ஆணையைப் பிறப்பித்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 49,772 பேர் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு அடையாளமாக 750 யூரோ. மருத்துவம், மனநலம், தொழில் போன்ற கூட்டு மறுவாழ்வுக்கு 1 கோடியே 50 இலட்சம். நினைவிடம், சடங்கு போன்ற ஊர்ப்பொதுவான அடையாளச் செயல்களுக்கு 1 இலட்சம். எல்லாம் கூட்டினால் 5 கோடியே 24 இலட்சத்து 29 ஆயிரம் யூரோ. மேன்முறையீட்டிலும் அந்த ஆணை 2025 ஏப்ரலில் நிலைத்தது. ஒங்வெனிடம் கொடுக்கக் காசில்லை. ஆகவே அதை நிதியம் உங்களிடம் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

அந்தக் கடனைக் காலம் தாழ்த்தாமல் அடையுங்கள் என்று கேட்கவே இந்த மடல். எப்படி அடைக்க வேண்டும் என்பதிலும் ஒரு வேண்டுகோள் உண்டு. அதற்கு முன், நீங்கள் கோப்புகளில் மட்டும் பார்த்திருக்கும் அந்த மக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் வட உகண்டாவில் குலு நகருக்கு வடக்கே ஒரு கிராமத்தில் வேளாண் பயிற்சியாளராக இரண்டு வருடம் இருந்தேன். போன முதல் நாள் இரவு என்னைத் தங்கவைத்த வீட்டின் மூதாட்டி ஒரு சட்டியில் களி கொண்டுவந்து வைத்தார். கறுத்த செம்மண் நிறம். ஒரு துண்டு பிட்டு வாயில் வைத்ததும் கண் கலங்கிவிட்டது. என் அம்மம்மா கிண்டிய குரக்கன் களி அது. தமிழ்நாட்டார் கேழ்வரகு என்பார்கள், அச்சோலியில் 'கால்', களிக்குக் 'குவோன்'. குரக்கன் எங்களுடைய தானியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதை முதலில் பயிராக்கியவர்கள் எத்தியோப்பிய, உகண்டா மேட்டுநில உழவர்கள். அங்கிருந்து கடல் கடந்து எங்களிடம் வந்தது. மாறாக, அன்று களிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த எள்ளு விழுதும், அடுத்த நாள் சமைத்த துவரையும் இந்தியத் துணைக்கண்டத்தில் பயிராகி ஆப்பிரிக்காவுக்குப் போனவை. எள்ளை அவர்கள் 'ஞிம்' என்பார்கள், துவரையை 'லப்பேனா'. 'மலக்குவாங்' என்ற புளிப்புக் கீரையை எள்ளும் கச்சானும் அரைத்த விழுது விட்டுக் கடைவார்கள். எங்கள் புளிச்சக்கீரைக்கு நெருங்கிய உறவு. எந்தப் படகில், எந்தக் காலத்தில் யார் இந்த விதைகளை மாற்றிக்கொண்டார்களோ, இரண்டு பக்கமும் பேர் மறந்துபோயிற்று, ருசி மறக்கவில்லை.

அந்த மூதாட்டியை ஊரார் 'மேகோ' என்று கூப்பிட்டார்கள். தாய் என்று பொருள். நானும் அப்படியே கூப்பிட்டேன். இனிமேலும் அப்படியே எழுதுகிறேன்.

அச்சோலி மக்கள் லுவோ மொழிக்குடும்பத்தார். இன்றைய தெற்குச் சூடானின் பகர் அல் கசால் பக்கமிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் நைல் நதியோரமாகத் தெற்கே இறங்கி வந்தவர்கள். 2014 கணக்கெடுப்பில் உகண்டாவில் மட்டும் ஏறத்தாழ 15 இலட்சம் பேர். எல்லைக்கு அப்பால் தெற்குச் சூடானின் மக்வி பக்கத்திலும் இருக்கிறார்கள். இந்த வரலாற்றை மேகோவிடம் கேட்டால் ஆண்டும் ஆறும் சொல்ல மாட்டார். ஒரு கதை சொல்வார். அந்தக் கதையைப் பலர் பல விதமாகச் சொல்வதுண்டு. நான் கேட்ட விதம் இது.

லபொங்கோ, கிப்பிர் என்று இரண்டு சகோதரர்கள். ஒரு நாள் தோட்டத்துக்குள் யானை புகுந்தது. கிப்பிர் கைக்கு அகப்பட்ட ஈட்டியை எடுத்து எறிந்தார். அது லபொங்கோவின் குலவழி ஈட்டி. யானை ஈட்டியோடு காட்டுக்குள் ஓடிவிட்டது. வேறு எத்தனை ஈட்டி கொடுத்தாலும் லபொங்கோ வாங்கவில்லை. அதே ஈட்டிதான் வேண்டும் என்றார். கிப்பிர் உயிரை வெறுத்துக் காட்டுக்குள் போனார். அங்கே ஒரு கிழவி அவரைக் காப்பாற்றி, ஈட்டியையும் தேடிக் கொடுத்து, அழகான பாசிமணிகளும் கொடுத்தனுப்பினார். ஊர் திரும்பிய கிப்பிர் மணிகளைக் கோத்துக்கொண்டிருந்தபோது லபொங்கோவின் குழந்தை தவழ்ந்து வந்து ஒரு மணியை விழுங்கிவிட்டது. இப்போது கிப்பிரின் முறை. வேறு மணி வேண்டாம், அதே மணிதான் வேண்டும் என்றார். காத்திருக்கவும் மாட்டேன் என்றார். குழந்தையின் வயிற்றைக் கீறி மணியை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு இருவரும் ஓரிடத்தில் வாழ முடியவில்லை. பக்வாச் அருகே நைல் கரையில் ஒரு கோடரியை ஆற்றில் போட்டுவிட்டுப் பிரிந்தார்கள். மேற்கே கடந்து போன கிப்பிரின் வழியினர் இன்றைய அலூர் மக்கள். கிழக்கே தங்கிய லபொங்கோவின் வழியினர் அச்சோலிகள்.

மேகோ இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் குழந்தைகள் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எந்தக் குடியும் தன் தொடக்கத்தைப் பற்றி வெற்றிக்கதைதான் சொல்லும் என்று எண்ணியிருந்தேன். இவர்களோ தங்கள் தொடக்கத்தில் ஓர் இழப்பீட்டு வழக்கை வைத்திருக்கிறார்கள். உரிமை இரண்டு பக்கமும் இருந்தது, கேட்ட முறைதான் குழந்தையைக் கொன்றது. உங்கள் முன் கிடக்கும் ஈட்டு ஆணையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது.

அந்தக் கதை சொல்லப்பட்ட இடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது: 'வாங் ஓ'. முற்றத்தில் மாலை மூட்டும் நெருப்பு. வயலிலிருந்து வந்து, கைகால் கழுவி, இருட்டும் நேரத்தில் வீட்டார் எல்லோரும் அதைச் சுற்றி உட்காருவார்கள். விடுகதை, பழமொழி, முயல் யானையை ஏமாற்றிய கதை, எந்தக் குலத்தில் பெண் எடுக்கலாம், எந்தக் குலத்தில் கூடாது, எந்தப் புளியமரம் வரை நம் எல்லை, பாட்டன் புதைந்திருப்பது எங்கே, எல்லாம் அங்கேதான். முயலுக்கு அச்சோலியில் 'அப்வோயோ'. நன்றி என்பதற்கும் அதே சொல்தான். பிள்ளைகளுக்கு அது ஓயாத சிரிப்பு. எழுத்தில் இல்லாத ஒரு சமூகத்தின் பள்ளிக்கூடமும் காணிப்பதிவகமும் நீதிமன்றமும் அந்த நெருப்பு.

அதற்கு மேலே 'ருவோட்' என்ற தலைவர்கள். பல குலங்கள் சேர்ந்த சிறு சிறு அரசுகள், அவற்றுள் பெரியது பாயிரா. தலைவருக்குத் தலையில் எண்ணெய் வார்த்து முடிசூட்டுவார்கள். அந்த எண்ணெய் 'யா' மரத்தின் கொட்டையிலிருந்து பெண்கள் எடுப்பது. எங்கள் சங்கப் பாட்டுகளிலும் யானை பட்டையை உரித்துத் தின்னும் யா மரம் வருகிறது. இரண்டும் வேறு வேறு மரம், பெயர் ஒன்றானது தற்செயல். ஆனாலும் அந்தச் சொல்லை முதலில் கேட்ட அன்று எனக்கு நித்திரை வரவில்லை. ருவோட் முன்னால் ஆடும் அரச ஆட்டம் 'புவோலா', பறையோடு வட்டமாக ஆடுவது. இளையவர்கள் ஆடும் 'லரகரகா'வில் சுரைக்குடுவைப் பாதிகளைச் சைக்கிள் கம்பிகளால் தட்டித் தாளம் எழுப்புவார்கள். தலைவருக்குக் கீழே ஒவ்வோர் ஊரிலும் 'ருவோட் குவேரி', அதாவது மண்வெட்டித் தலைவர். இன்று யார் வயல், நாளை யார் வயல் என்று முறைவைத்து ஊர்கூடி உழைப்பதை அவர் நடத்துவார். என் வேலையெல்லாம் அவரோடுதான்.

வெளியார் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கார்ட்டூமிலிருந்து யானைத்தந்தமும் அடிமைகளும் தேடி வந்த வணிகர்கள் இவர்களை 'ஷூலி' என்றார்கள். அதுவே நாளடைவில் அச்சோலி ஆயிற்று. குலுவுக்கு வடக்கே பத்திக்கோவில் அடிமை வணிகர்கள் ஆட்களை அடைத்துவைத்த பாறைக்கூட்டம் இன்றும் இருக்கிறது. 1872இல் சாமுவேல் பேக்கர் அதைத் தன் கோட்டையாக்கிக்கொண்டார். பிறகு பிரித்தானியர். துப்பாக்கிகளைப் பதிவுசெய்து ஒப்படைக்கச் சொன்னபோது லமோகி குலத்தார் மறுத்து, 1911-12இல் குருகுரு மலைக்குகைகளில் இருந்து போரிட்டுத் தோற்றார்கள். பாயிராவின் ருவோட் அவிச் சிறைப்பட்டார். போரிட்டவர்களையே 'போர்க்குடி' என்று பெயரிட்டுப் படைக்கு ஆளெடுத்தது அதே ஆட்சி. தெற்கில் பருத்தியும் பள்ளிக்கூடமும், வடக்கில் சிப்பாயும் கூலியும் என்று நாட்டைப் பிரித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அதற்கு இரத்தத்தால் விலை கொடுத்தார்கள். 1971இல் இடி அமீன் ஆட்சிக்கு வந்ததும் பாசறைகளிலேயே அச்சோலிச் சிப்பாய்களும் பக்கத்து லாங்கோ இனத்துச் சிப்பாய்களும் கொன்று குவிக்கப்பட்டார்கள். 1977 பெப்ரவரி 16 அன்று, கிட்கும் பக்கத்து முச்வினியில் பிறந்த 'ஜனானி லுவும்' என்ற பேராயர் கொல்லப்பட்டார். அந்த நாள் இப்போது உகண்டாவில் பொது விடுமுறை. லண்டன் வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலய முகப்பில் அவருடைய சிலை இருக்கிறது. அங்கே படம் எடுக்கும் எங்கள் ஆட்கள் அடுத்த முறை அண்ணாந்து பாருங்கள்.

1986 ஜனவரியில் கம்பாலாவில் ஆட்சி மாறியது. தோற்ற படையில் அச்சோலிகள் ஏராளம். வடக்கே புகுந்த புதிய படையின் பழிவாங்கலும், முதலில் அலிஸ் லக்வேனாவின் தூய ஆவி இயக்கமும், பின்னர் ஜோசப் கோனியின் 'ஆண்டவரின் எதிர்ப்புப் படை'யுமாகப் போர் இருபது வருடம் நீண்டது. தொடக்க ஆண்டுகளிலேயே கரமோஜாவிலிருந்து வந்த மாடு கொள்ளையர்கள் அச்சோலி நாட்டின் மந்தைகளை அநேகமாகத் துடைத்தெடுத்துவிட்டார்கள். மாடு போனால் உழவு போச்சு, பெண் கேட்டுப் போக வழியில்லை, கொலைக்கு ஈடு கொடுத்துச் சமாதானம் ஆகவும் வழியில்லை.

இனி முகாம்கள். இங்கே நான் நின்று நிதானித்துத்தான் எழுத வேண்டும்.

1996இலிருந்து அரசு மக்களை ஊர்களிலிருந்து எடுத்து 'பாதுகாக்கப்பட்ட கிராமங்கள்' என்ற முகாம்களில் வைத்தது. 2002 ஒக்டோபரில் மீதமிருந்தவர்களும் 48 மணி நேரத்துக்குள் முகாமுக்கு வந்துவிட வேண்டும் என்று படை உத்தரவிட்டது. அச்சோலி நாட்டில் பத்தில் ஒன்பது பேர் முகாமில். 2005இல் வட உகண்டா முழுவதும் இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ 18 இலட்சம். அந்த ஆண்டு உகண்டாவின் சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து எடுத்த கணக்கில், அச்சோலி முகாம்களில் வாரத்துக்குச் சுமார் ஆயிரம் பேர் வழக்கத்துக்கு மேலாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கியால் செத்தவர்களைவிட மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் எயிட்ஸாலும் செத்தவர்கள் அதிகம். நகரைச் சுற்றி இருந்த பிள்ளைகள் கடத்தலுக்குப் பயந்து மாலையானால் பாயைச் சுருட்டிக்கொண்டு குலு நகரை நோக்கி நடப்பார்கள். பேருந்து நிலையத்திலும் கடைத் திண்ணையிலும் ஆஸ்பத்திரி முற்றத்திலும் படுத்துவிட்டு விடியற்காலை திரும்ப நடப்பார்கள். உச்சத்தில் ஒவ்வோர் இரவும் பல்லாயிரம் பிள்ளைகள்.

1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் ஒரே இரவில் வெளியேறியபோது எனக்குப் பத்து வயது. நாவற்குழிப் பாலத்தில் நெரிசலில் அம்மாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தேன். ஆகவே பாயைச் சுருட்டிக்கொண்டு நடக்கும் பிள்ளை எனக்குப் புள்ளிவிவரம் அல்ல. என் கதை இங்கே தேவையில்லை, ஏன் இந்த மடலை எழுதுகிறேன் என்பதற்கு இந்த அளவு போதும்.

மேகோ பத்து வருடம் முகாமில் இருந்தார். என்ன பெரிய கஷ்டம் என்று ஒரு முறை கேட்டேன். பசி என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நெருப்பு இல்லை" என்றார். குடிசைகள் ஒன்றோடொன்று கூரை உரச நின்றன. ஒரு பொறி பறந்தால் முகாமே எரியும். விறகு தேடி எல்லைக்கு வெளியே போனால் ஒரு பக்கம் கிளர்ச்சிப்படை, இன்னொரு பக்கம் அரசுப்படை. இருட்டியதும் உள்ளே போய்விட வேண்டும். முற்றமே கிடையாது. முற்றம் இல்லாமல் வாங் ஓ இல்லை. பாட்டனுக்கும் பேரனுக்கும் நடுவே இருந்த ஒரே வகுப்பறை மூடப்பட்டது. தானியம் லொறியில் வந்தது. சோறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் லொறியிலிருந்து என்று சொல்லும் பிள்ளைகள் வளர்ந்தார்கள். தன் மூத்த பேரன் இருபது வயதாகியும் குரக்கன் விதைக்கும் பருவத்தை அறியாமல் இருந்தான் என்பதை மேகோ ஒரு மரணத்தைச் சொல்வது போலத்தான் என்னிடம் சொன்னார்.

2006 ஓகஸ்டில் போர்நிறுத்தம் வந்தது. கோனி கடைசி உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, ஆனால் வடக்கில் துப்பாக்கி ஓய்ந்தது. மக்கள் ஊர் திரும்பினார்கள். 'பழைய வளவில் நிற்கும் பூசணிக்கொடியைப் பிடுங்காதே' என்று ஓர் அச்சோலிப் பழமொழி உண்டு. விட்டுப்போன வளவில் தானாகப் படர்ந்து கிடக்கும் பூசணி, பஞ்சகாலத்தில் யாருக்காவது இலையும் காயும் கொடுக்கும். திரும்பியவர்கள் அந்த வளவைத் தேடினார்கள். எல்லை சொன்ன மரம் விறகாகிவிட்டது, எல்லை தெரிந்த கிழவர் முகாமில் புதைந்துவிட்டார். பெரும்பகுதி நிலம் குலவழி நிலம். பத்திரம் கிடையாது, பெரியவர்களின் நினைவுதான் பத்திரம். காணிச் சண்டை பெருகியது அதனால்தான்.

காட்டிலிருந்து தப்பி வந்த பெண்களையும் நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளாகக் கடத்தப்பட்டு, தளபதிகளுக்கு 'மனைவி'யாகக் கொடுக்கப்பட்டு, குழந்தைகளோடு வந்தவர்கள். அச்சோலிகளிடம் குலமும் நிலமும் தகப்பன் வழி. தகப்பன் யார், எந்த ஊர் என்று தெரியாத பிள்ளைக்கு உட்கார ஒரு முற்றம் இல்லை. அச்சோலிப் பெயர்கள் பிறந்த நேரத்தைச் சொல்லும். மழையில் பிறந்தவன் ஒக்கோட், இரட்டையருக்கு அடுத்துப் பிறந்தவன் ஒக்கெல்லோ, வீட்டை விட்டு வெளியே பிறந்தவன் ஒட்டிம். காட்டில் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் வைத்த பெயர் கோனி.

இப்போது ஈடு பற்றிய பேச்சுக்கு வருகிறேன்.

அச்சோலிகளிடம் 'மாத்தோ ஓபுட்' என்று ஒரு முறை இருக்கிறது. கசப்பு வேரைக் குடித்தல். ஒரு குலத்தான் இன்னொரு குலத்தானைக் கொன்றுவிட்டால் அந்த நாளிலிருந்து இரண்டு குலமும் ஒன்றாக உண்ணக்கூடாது, குடிக்கக்கூடாது, பெண் கொடுத்து எடுக்கக்கூடாது. கொலையுண்டவனின் ஆவி, அவர்கள் சொல்லில் 'சென்', கொன்றவன் வீட்டைச் சும்மா விடாது. நடுநிலையான பெரியவர்கள் இரண்டு பக்கமும் நடந்து நடந்து பேசுவார்கள். மாதமும் ஆகும், வருடமும் ஆகும். என்ன நடந்தது என்பதைக் கொன்றவர் பக்கம் மறைக்காமல் சொல்ல வேண்டும். குலம் முழுவதும் சேர்ந்து ஈடு கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சடங்கு. செம்மறியையும் வெள்ளாட்டையும் இரண்டாக வெட்டிப் பாதிகளை மாற்றிக்கொள்வார்கள். ஓபுட் மரத்தின் வேரை இடித்துக் கள்ளில் கலந்து ஒரே சுரைக்குடுவையில் ஊற்றுவார்கள். இரண்டு பக்கத்தாரும் முழந்தாளிட்டு, கைகளைப் பின்னால் கட்டி, தலையோடு தலை முட்ட அந்தக் கசப்பைக் குடிப்பார்கள்.

அதே மணிதான் வேண்டும் என்று கேட்டதால் பிரிந்துபோனவர்கள், செத்தவனைத் திருப்பிக் கேட்காத ஒரு நீதியைக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இதை நான் தெய்வீகமாக்கவில்லை. முற்காலத்தில் ஈடாகப் பெண்ணைக் கொடுத்ததும் உண்டு, இன்று மாடும் காசும்தான். பெரியவர்களின் பேச்சில் பெண்களின் குரல் போதுமானதாக இருந்ததில்லை. கொன்றவன் யார் என்றே தெரியாத ஆயிரம் கொலைகளுக்கு மாத்தோ ஓபுட் பொருந்தாது. ஒங்வெனின் தண்டனை விசாரணையில் மரபுநீதியைக் காட்டித் தண்டனையைக் குறைக்கக் கேட்டபோது உங்கள் நீதிபதிகள் மறுத்தார்கள். அந்த முடிவில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் தண்டனை வேறு, ஈடு வேறு. ஈட்டில் அச்சோலிகள் அனுபவசாலிகள். அவர்கள் முறையில் உண்மையும் ஈடும் சடங்கும் ஒரே வரிசையில் வரும். உங்கள் தீர்ப்பு உண்மையைச் சொல்லிவிட்டது. அடுத்தது ஈடு. அது தாமதமானால் சடங்குக்கு ஆள் இருக்காது.

மேகோ போன வருடம் மாரி தொடங்கும்போது காலமானார். செய்தியை அவருடைய பேத்தி தொலைபேசியில் சொன்னாள். தன் பெயர் உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று மேகோ ஒருபோதும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் அவரோடு ஒரு காணிப்பதிவகம் போய்விட்டது. அவருக்குத் தெரிந்த எல்லைகள், திருமண விலக்குகள், எந்தக் குலத்தோடு எப்போது கசப்பு வேர் குடித்தார்கள் என்ற கணக்கு, எல்லாம் போய்விட்டன. 2004 மே 19 அன்று ஒங்வெனின் ஆட்கள் தாக்கிய லுக்கோடி முகாமில் உயிர் தப்பியவர்கள், அதுபோலத் தாக்கப்பட்ட, ஓடெக்கில், பாஜூலேயில், லாங்கோ மக்களின் ஊரான அபொக்கில் தப்பியவர்கள், அவர்களிலும் அன்று நாற்பது வயதானவருக்கு இன்று அறுபதுக்கு மேல்.

ஆகவே கேட்கிறேன். 5.24 கோடி யூரோவை 120க்கும் மேற்பட்ட உறுப்பு நாடுகள் சமமாகப் பகிர்ந்தாலே ஒரு நாட்டுக்கு நான்கரை இலட்சம் யூரோவுக்கும் குறைவு. உங்களில் பலருக்கு அது ஒரு தெருச்சந்தியைத் திருத்தும் செலவு. பத்து வருடத்துக்குத் தவணை போடாதீர்கள். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் முதலில் என்று ஆணையே சொல்கிறது, அந்த வரிசையைக் காப்பாற்ற இந்த ஆண்டே பணத்தைப் போடுங்கள். 750 யூரோ ஒரு சோடி உழவுமாடு வாங்க உதவும். மாடு திரும்பி வந்த வீட்டில் என்னென்ன திரும்பி வரும் என்பதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது வேண்டுகோள், சடங்குக்கும் நினைவுக்கும் ஒதுக்கிய அந்த 1 இலட்சம் யூரோ பற்றியது. 49,772 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டு யூரோ. மொத்தத் தொகையில் ஐந்நூறில் ஒரு பங்கு. இந்தப் பங்கைப் பெருக்குங்கள். நீதிபதிகளின் ஆணையைத் திறக்கச் சொல்லவில்லை, விரும்பும் நாடு தன் நன்கொடையை இதற்கென்று கொடுக்கலாம். போர் அழித்ததில் பெரியது எது என்று அச்சோலிகளிடம் கேட்டால், என்னிடம் மேகோ சொன்னதைப் போல, கல்லில் பெயர் பொறிக்க முடியாத ஒன்றைத்தான் சொல்வார்கள். முகாம் மண்ணில் அவசரமாகப் புதைத்தவர்களைத் தோண்டிச் சொந்த வளவுக்குக் கொண்டுபோக வேண்டும். கொலை நடந்த நிலத்தைக் கழுவும் சடங்கு செய்யாமல் அங்கே உழ மாட்டோம் என்று நிற்கிற குடும்பங்கள் உண்டு. ஊர் திரும்பியவர் முட்டையை மிதித்து வாசலுக்குள் வரும் 'ஞோனோ தொங் க்வேனோ' சடங்குக்குப் பெரிய செலவில்லை. ஒரு முட்டை, வழுவழுப்பான ஒப்போபோ மரத்தின் கிளை, களஞ்சியத்தின் கூரையைத் தூக்கும் கோல். ஆனால் அதற்கு ஊர் கூட வேண்டும், ஊருக்குச் சாப்பாடு வேண்டும். காட்டில் பிறந்த பிள்ளைகளின் தகப்பன் குலத்தை, தாய் விரும்பினால் மட்டும், தேடிக் கொடுக்கும் வேலைக்கு ஆளும் வண்டியும் வேண்டும். முதியவர்களின் நினைவை அவர்கள் மொழியிலேயே பதிவுசெய்ய ஒலிப்பதிவுக் கருவியும், அச்சோலியும் லாங்கோவும் எழுதத் தெரிந்த இளையவர்களும் வேண்டும். எதை முதலில் செய்வது என்று நானோ நீங்களோ தீர்மானிக்க வேண்டாம். ஊர் தீர்மானிக்கட்டும், அந்தக் கூட்டத்தில் பெண்களுக்குச் சரிபாதி இடம் இருக்கட்டும்.

இன்னொன்று. உங்கள் அதிகாரம் 2002 யூலையில்தான் தொடங்குகிறது. 1995 ஏப்ரல் 20 அன்று அத்தியாக்கில் இதே கோனியின் படையால் சுடப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இந்த ஆணையில் இடமில்லை. அரசுப் படையின் கையால் இழந்தவர்களுக்கும் இல்லை. அவர்களுக்கும் லுக்கோடி மக்களுக்கும் நடுவில் ஒரே சந்தை, ஒரே ஆஸ்பத்திரி. ஒரு வீட்டுக்குக் காசு வந்து பக்கத்து வீட்டுக்கு வராதபோது என்ன நடக்கும் என்று ஊரில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். நிதியம் 2008 முதல் வட உகண்டாவில் தீர்ப்புக்குக் காத்திராமல் உதவித் திட்டம் நடத்தி, செயற்கைக் கால்களும் சிகிச்சையும் மனநலத் துணையும் கொடுத்து வந்திருக்கிறது. அந்த நல்ல வழியை மூடாமல், ஆணைக்கு வெளியே நிற்பவர்களுக்காக அதைத் தொடருங்கள்.

கனடாவில் இருக்கும் நாங்கள் சிலர் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இதைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஒஸ்லோவிலும் பேர்ணிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஆட்களையும் எழுதக் கேட்கிறோம்.

கடைசியாக, ஒரு சிறிய விஷயம். உங்கள் ஆட்கள் லுக்கோடிக்கோ ஓடெக்குக்கோ போகும்போது பெரும்பாலும் முற்பகலில் போய், கூடாரத்தின் கீழ் நாற்காலி போட்டுப் பேசிவிட்டு, இருட்டுமுன் குலுவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பெரியவர்கள் அந்த நேரத்தில் கேட்டதற்குப் பதில் சொல்வார்கள், அவ்வளவுதான். மாலையில் போங்கள். வயலிலிருந்து எல்லோரும் திரும்பி, களி கிண்டி முடிந்த பிறகு, விறகுக்கு ஒரு கட்டு நீங்களும் கொண்டுபோய், கூப்பிட்டால் உட்காருங்கள். கேள்வித்தாளைப் பையிலேயே வைத்திருங்கள்.

மரியாதையுடன்,
ஸ்காபரோ, கனடாவிலிருந்து
ஒரு தமிழ்க் குடிமகள்